கேளுங்க, சொல்றேன்: "கை மரத்துப் போச்சு"ன்னா "என்னம்மா மறந்து போச்சு"ங்கறாங்க

கேள்வி: அக்கா, நாங்க நகரி பக்கம், வீட்டுக்காரர் பவர்லூம் தறி ஓட்டறாரு. எனக்கு 47 வயசு. ரெண்டரை மாசம் முன்னாடி வாசல் தெளிச்சிட்டு திரும்பறப்ப வழுக்கி கைய ஊனி விழுந்தேன், வலது மணிக்கட்டு உடைஞ்சிடுச்சு. ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரில இழுத்து வெச்சு மாவுக்கட்டு போட்டாங்க. அன்னிக்கு ராத்திரியே விண்ணு விண்ணுனு தெறிச்சது, விரல்லாம் வீங்கிப்போச்சு. டியூட்டி டாக்டர் தெலுங்குக்காரரு, தமிழ் சுத்தமா தெரியாது, நான் "கை மரத்துப் போச்சு சார்"னு சொன்னா அவரு "ஏமி மர்ச்சிபோயாவம்மா?"னு சிரிக்கிறாரு. கட்டு போட்டா அப்படித்தான் இருக்கும்னு ஊசி போட்டு அனுப்பிட்டாங்க. ரெண்டு மூணு நாள்ல மரப்பு குறைஞ்சுது, ஆனா வலி போகல. ஆறு வாரம் கழிச்சு கட்டு பிரிச்சா மணிக்கட்டு கரண்டி காம்பு மாதிரி வளைஞ்சிருக்கு, விரல் மடங்கல, முந்தானை உரசினாலே நெருப்பு பட்ட மாதிரி எரியுது, உள்ளங்கை சும்மாவே வேர்க்குது, தோல் பளபளன்னு ஆயிடுச்சு. பெரிய டாக்டர்கிட்ட சொன்னா "எலும்பு சேர்ந்துடுச்சு, உனக்கு பயம்தான், வயசும் ஆகுதில்ல"ங்கறாரு. வீட்லயும் நான் நடிக்கிறேன்னு நினைக்கிறாங்க. மாமியார் புத்தூருக்கு கூட்டிட்டு போய் கட்டு கட்டலாம்ங்கறாங்க. போகலாமா?

பதில்: தங்கச்சி, நீ நடிக்கல. பயந்தா மனசு படபடக்கும், தூக்கம் போகும், அதெல்லாம் சரி, ஒரு கையோட தோல் மட்டும் பளபளன்னு ஆகி அந்த உள்ளங்கை மட்டும் வேர்க்குமா? அது நடிச்சு வரவைக்கிற சமாச்சாரம் இல்ல.

நீ சொல்ற எரிச்சல், வேர்வை, பளபளப்பு, மடங்காத விரல் எல்லாத்தையும் சேர்த்துப் பாத்தா எலும்பு முறிவுக்கு அப்புறம் சிலருக்கு வர்ற ஒரு நரம்பு வலி நோய் மாதிரி இருக்கு, சி.ஆர்.பி.எஸ்.னு சொல்லுவாங்க. இங்க உக்காந்துகிட்டு அதுதான்னு முத்திரை குத்த என்னால முடியாது, நேர்ல ஒருத்தர் ரெண்டு கையையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கணும். எலும்பு சேர்ந்தாலும் நரம்பு மட்டும் அலாரத்த நிறுத்தாம அடிச்சிட்டே இருக்கும், அதனால எக்ஸ்ரேல "நல்லா சேர்ந்திருக்கு"னு தெரியறதும் உனக்கு எரியறதும் ரெண்டுமே ஒரே நேரத்துல உண்மையா இருக்கலாம், இத உன் டாக்டர் எடுத்துச் சொல்லியிருந்தா பாதி பாரம் இறங்கியிருக்கும். பிசியோதெரபி, மாத்திரை, அப்புறம் துணி, பஞ்சுனு மெல்ல மெல்ல தேய்ச்சு தோலைப் பழக்கறது, கண்ணாடி முன்னாடி நல்ல கைய ஆட்டி மூளைய ஏமாத்தற பயிற்சி கூட இருக்கு, சிரிக்காத, நிஜமாவே பண்றாங்க. சீக்கிரம் ஆரம்பிச்சா நல்லது, ரெண்டரை மாசம் ஒண்ணும் கை மீறிப் போகல. வலிக்குதேன்னு கைய முந்தானைக்குள்ள ஒளிச்சு வெச்சிடாத, அது இன்னும் இறுகும். எண்ணெய் போட்டு உருவி விடறேன்னு யாராவது வந்தா கும்பிடு போட்டு அனுப்பிடு.

வளைவு வேற கதை. கட்டு போட்டப்ப இருந்த வீக்கம் ஒரு வாரத்துல வடிஞ்சிடும், கட்டு உள்ள லூஸாயிடும், இழுத்து வெச்ச எலும்பு மெதுவா நழுவும். அதனாலதான் முதல் வாரமும் ரெண்டாவது வாரமும் எக்ஸ்ரே எடுத்துப் பாப்பாங்க, அப்பவே கண்டுபிடிச்சா சரி பண்றது சுலபம், சேர்ந்த பிறகுன்னா எலும்ப வெட்டித்தான் நேராக்கணும். உனக்கு அந்த எக்ஸ்ரே எடுத்தாங்களா? ஃபைல்ல பாரு. இல்லேன்னா அதத்தான் நீ முதல்ல கேக்கணும். ஆனா வளைஞ்ச மணிக்கட்டோட மாவு பிசைஞ்சு, தண்ணி தூக்கி நல்லா இருக்கறவங்க நிறைய பேர பாத்திருக்கேன், அதுக்காக ராத்திரி தூக்கத்த கெடுத்துக்காத.

இப்ப அந்த முதல் ராத்திரி. அதப் படிச்சப்பதான் எனக்கு பக்குனு ஆச்சு. கட்டு போட்டு எலும்பு ஆடாம நின்னா வலி குறையணும், ஏறக்கூடாது. மாத்திரைக்கும் அடங்காம ஏறுது, விரல யாராவது நிமித்தினா உயிர் போகுது, விரல் வெளுத்தோ நீலமாவோ ஜில்லுனு ஆகுதுன்னா உள்ள வீங்கின சதைக்கு ரத்தம் போகலனு அர்த்தம், விடியட்டும்னு காத்திருக்கக் கூடாது, சில மணி நேரத்துல சதை செத்துப் போகும், அப்புறம் விரல் கோழிக்கால் மாதிரி மடங்கியே நின்னுடும். வோல்க்மன்னு ஒரு ஜெர்மன் டாக்டர் 1881லயே இதப்பத்தி எழுதிட்டாரு. உனக்கு ரெண்டு மூணு நாள்ல மரப்பு குறைஞ்சதால தப்பிச்சன்னு நினைக்கிறேன். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் இந்த மூணுல மட்டும் இன்னும் மரப்பு இருந்தா அத தனியா சொல்லு, மணிக்கட்டுல ஒரு நரம்பு நசுங்கியிருக்கலாம்.

ஒரு விஷயம் ஒத்துக்கறேன். எலும்பு வார்டுல நர்ஸா இருந்த காலத்துல நானும் "அப்படித்தான் இருக்கும்"னு சொல்லியிருக்கேன். கால் உடைஞ்ச ஒரு பையன், ராத்திரி ரெண்டு மணிக்குள்ள மூணு தடவ கூப்பிட்டான், மூணாவது தடவ நான் "ஆம்பளப் பையன்தானே, கொஞ்சம் பொறுத்துக்கோ"ன்னேன். பக்கத்துல வந்த சீனியர் சிஸ்டர் ஒண்ணும் பேசல, அவன் கால் கட்டைவிரலப் பிடிச்சு லேசா மேல தூக்கினாங்க, அவன் கத்தின கத்துல வார்டே எழுந்துடுச்சு. உடனே டாக்டர எழுப்பி மாவுக்கட்டை நீளவாக்குல வெட்டிப் பிளந்தாங்க, கால் பொழைச்சுது. டூட்டி முடிஞ்சு வீட்டுக்குப் போயும் எனக்கு கை நடுங்கிட்டே இருந்தது.

அதனால "வலிக்குது"ன்னு மட்டும் சொல்லாத, அத தினம் நூறு பேர் சொல்றாங்க, அவங்க காதுக்குப் பழகிப்போச்சு. எந்த விரல், எப்பலேர்ந்து, நேத்தைவிட கூடவா குறைச்சலா, மாத்திரை போட்டும் நிக்கலையான்னு சொல்லு, ஒரு சீட்டுல எழுதிக்கூட எடுத்துட்டு போ. பாஷை இடிக்குதுன்னா நாலு வார்த்தை போதும்: வலி நொப்பி, வீக்கம் வாப்பு, மரப்பு திம்மிரி, எரிச்சல் மண்ட்ட. (நம்ம "மரத்துப் போச்சு" அவங்க காதுல "மறந்து போச்சு"ன்னு விழுந்ததுல அந்த டியூட்டி டாக்டர் மேல ரொம்ப தப்பில்ல, ஆனா வீங்கின விரலப் பாக்க எந்த பாஷையும் தேவையில்லையே.)

கேஸ் ஷீட், எக்ஸ்ரே எல்லாத்தையும் எழுதிக் கேட்டு வாங்கு. கேட்ட 72 மணி நேரத்துக்குள்ள கொடுக்கணும்னு 2002 மருத்துவ கவுன்சில் விதிலயே இருக்கு. வாங்கிட்டு வேற எலும்பு டாக்டர்கிட்ட காட்டு, உங்களுக்கு திருப்பதி பக்கம்தான், தேவஸ்தானம் நடத்துற எலும்பு ஆஸ்பத்திரியே இருக்கு. கேஸ் போடணும்னு தோணினா நுகர்வோர் கோர்ட்டுக்கு ரெண்டு வருஷம் டைம் உண்டு, முதல்ல கைய பாரு.

புத்தூரா? பச்சிலை அரைச்சு, முட்டை வெள்ளைக்கரு தடவி, மூங்கில் பத்தை வெச்சு துணி சுத்தி கட்டற கட்டு, தமிழ்நாட்லேர்ந்து அவ்ளோ பேர் அங்க போறது எனக்கும் தெரியும், அத நான் கேலி பண்ண மாட்டேன். ஆனா உன் எலும்பு ஏற்கனவே சேர்ந்தாச்சு. இறுகிப்போன கைய இன்னொரு மாசம் எந்த கட்டு போட்டு கட்டினாலும் இன்னும் இறுகத்தான் செய்யும். மாமியார்கிட்ட "கட்டு வேணாம்னு அக்கா சொன்னா, கை ஆடணுமாம்"னு என் மேல பழிய போட்டுடு. அப்படியே கை சரியாகற வரைக்கும் தண்ணிக் குடம் யாரு தூக்கறதுன்னும் வீட்ல பேசி முடிச்சிடு.

கேள்வி: அக்கா, நான் பள்ளிப்பட்டு, கால் முறிஞ்சு கட்டுல இருக்கேன், தினம் ஆட்டுக்கால் சூப் குடிச்சா சீக்கிரம் சேருமா?

பதில்: குடிங்க தம்பி, ருசியா இருக்கும், ஆனா அதுல கால்சியம் நீங்க நினைக்கிற அளவு இறங்காது. கேழ்வரகுக் கூழ், பால், முட்டை சேர்த்துக்கங்க. பீடி பிடிக்கிறீங்களா? அதச் சொல்லவே இல்லையே. புகை எலும்பு சேர்றதத் தள்ளிப்போடும், சூப்புக்கு ஆகற காசுல பாதி அங்கதான் போகுதுன்னா முதல்ல அத நிறுத்துங்க.