தாத்தாவின் அப்பாவுக்கு அப்பா யார்?

கேள்வி: நான் தஞ்சாவூர்க்காரி. லூதியானாவில் ஒரு சீக்கியக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறேன். மாமனாருக்கு 86 வயது. லயால்பூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, 1947 பிரிவினையில் சிறுவனாக வந்தவர். கேட்டால் "எல்லாம் அங்கேயே போயிற்று" என்று முடித்துவிடுகிறார். அவருடைய அப்பாவுக்கு மேல் ஒரு பெயரும் பிள்ளைகளுக்குத் தெரியாது. இனிமேல் தேடிப் பயன் உண்டா? — வாசகி, லூதியானா

பதில்: உண்டு, தாராளமாக உண்டு. ஆனால் இந்த மாதமே தொடங்கிவிடுங்கள்.

இன்று ஃபைசலாபாத் எனப்படும் லயால்பூர், 1890-களில் கால்வாய் வெட்டி ஆட்களைக் குடியேற்றிய பூமி. அங்கே நிலம் வாங்கிய சீக்கியர்களில் ஏராளமானோர் ஜலந்தர், ஹோஷியார்பூர், அமிர்தசரஸ், லூதியானா பக்கத்திலிருந்து போனவர்கள். பகத்சிங்கையே பாருங்கள். 1907-இல் பிறந்தது லயால்பூர் மாவட்டத்தில். பூர்வீகமோ இந்தியப் பஞ்சாபில் உள்ள கட்கர் கலான். உங்கள் மாமனாரின் பாட்டனார் ஊரும் எல்லைக்கு இந்தப் பக்கமே இருக்க நிறைய வாய்ப்புண்டு.

அந்த ஊர்ப் பெயரும் குடும்பத்தின் 'கோத்' எனப்படும் குலப்பெயரும் (சந்து, கில், சித்து என்பதுபோல) கிடைத்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அந்த ஊர்ப் பட்வாரியிடம் (நம்மூர்க் கிராம நிர்வாக அலுவலர் போல நிலக் கணக்கு வைத்திருப்பவர்) 'ஷஜ்ரா நசப்' கேளுங்கள். நிலம் வைத்திருந்த குடும்பங்களின் வம்சாவளி அது. ஆங்கிலேயர் நிலவரி நிர்ணயித்த காலத்திலிருந்து எழுதி வந்திருக்கிறார்கள். பழைய பக்கங்கள் உருதுவில் இருக்கும், படிக்கத் தெரிந்தவரைக் கூட்டிப்போங்கள். ஹரித்வாரிலும் ஒரு வழி உண்டு. அஸ்தி கரைக்க வரும் குடும்பங்களின் பெயர்களைப் பண்டாக்கள் எனப்படும் அங்குள்ள புரோகிதர்கள் தலைமுறை தலைமுறையாக 'வஹி' என்ற நீளமான கணக்குப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். பிற்காலத்தில் சீக்கியர்கள் பலர் அஸ்தி கரைக்கப் பஞ்சாபிலுள்ள கீரத்பூர் சாஹிபுக்கே போனாலும், பழைய சீக்கியக் குடும்பங்களின் பெயர்கள் அந்த வஹிகளில் உண்டு.

இதெல்லாம் காத்திருக்கும். மாமனார்தான் காத்திருக்க மாட்டார். எடுத்த எடுப்பில் பிரிவினையைப் பற்றிக் கேட்காதீர்கள். அந்த வயதில் அவர் எதைப் பார்த்தாரோ! வயலில் என்ன விளைந்தது, எந்த ரயில் நிலையத்தில் இறங்குவார்கள், அவர்கள் 'சக்'கின் (ஊரின்) எண் என்ன என்று கேளுங்கள். கால்வாய்க் குடியேற்ற ஊர்களுக்கு எண்தான் அடையாளம். போனில் பதிவு செய்துகொள்ளுங்கள், பஞ்சாபியிலேயே பேசட்டும்.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. இந்த ஏடுகளில் இருப்பது பெரும்பாலும் ஆண்கள் பெயர்தான். அப்பா, மகன், பேரன் என்று கோடு இறங்கும். அவர்களைப் பெற்றவள் எந்த ஊர்ப் பெண் என்று இராது. அதை நீங்கள் எழுதுங்கள். மாமியார், அவருடைய அம்மா, பூவா எனப்படும் அத்தைகள், அவரவர் பிறந்த ஊர். வீட்டுப் பெட்டியில் பழைய புல்காரி (பஞ்சாபிப் பூவேலைத் துணி) இருந்தால் வெளியே எடுங்கள். கதர்த்துணியின் பின்பக்கத்திலிருந்து பட்டு நூலால் எண்ணி எண்ணித் தைத்தது அது. யார் தைத்தது, யார் கல்யாணத்துக்கு என்று கேட்டு ஒரு சீட்டில் எழுதி, துவைத்த பருத்தித் துணியோடு சேர்த்துச் சுருட்டி வையுங்கள். மடித்தால் மடிப்பில் நூல் அறுந்துவிடும்.

பட்வாரியிடம் போகும்போது பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள்.