எழுதிய கண்

அன்புள்ள அண்ணனுக்கு,

போன மாதம் கோபியில் என் அத்தை மகளுக்குக் கல்யாண வரவேற்பு. மாமா இறந்து ஐந்து வருடம் ஆகிறது. திடீரென்று மண்டபத்து விளக்கை அணைத்துவிட்டு, எல்இடி திரையில் மாமாவையே கொண்டுவந்தார்கள். ஏஐயில் செய்தது. வெள்ளைச் சட்டை, வழுக்கை, நெற்றித் திருநீறு எல்லாம் அச்சு அசல். "என் அருமை மகளே" என்று ஆரம்பித்து ஒரு நிமிடம் வாழ்த்திப் பேசினார். மண்டபமே கைதட்டியது. அத்தை அழுதார். எனக்கு மட்டும் வயிற்றைப் புரட்டியது, எழுந்து வெளியே போய்விட்டேன். இப்போது அத்தை தினமும் அதைப் போனில் போட்டுப் பார்க்கிறாராம். என் பையனோ ஹட்சுனே மிக்கு என்ற ஜப்பான் பொம்மைப் பாடகிக்கு ரசிகன். சுவரெல்லாம் அவள் படம். அது எனக்கு உறுத்தவே இல்லை. ஏன் இப்படி? வயதாகிவிட்டதா? அத்தையிடம் அதைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லலாமா?

ஆர்.
ஈரோடு

அன்புள்ள ஆர்.,

வயதெல்லாம் இல்லை. உங்கள் வயிறு புரண்டதை 1970லேயே ஒருவர் வரைபடமாகப் போட்டுவிட்டார். மசாஹிரோ மோரி, டோக்கியோவில் ரோபோ ஆராய்ச்சி செய்த பேராசிரியர். ஒரு பொருள் மனிதச் சாயலை நெருங்க நெருங்க நமக்குப் பிடித்துக்கொண்டே போகும், அசலுக்குச் சற்று முன்னால் திடீரென்று பள்ளத்தில் விழும் என்றார். 'அன்கேனி வேலி' (uncanny valley) என்கிறார்களே, அந்தப் பள்ளம்தான். அவர் காட்டிய உதாரணம் செயற்கைக் கை. பார்த்தால் கை, பிடித்துக் குலுக்கினால் எலும்பில்லாத சில்லிப்பு. அசைவும் சேர்ந்தால் பள்ளம் இன்னும் ஆழம் என்றார். மாமா சட்டத்துக்குள் போட்டோவாக இருந்தவரை உங்களுக்கு ஒன்றும் இல்லை. வாய் அசைந்ததும்தான் எழுந்து போயிருக்கிறீர்கள்.

மோரியின் வரைபடத்தை எல்லோரும் ஒப்புக்கொள்வதில்லை. எனக்கும் அது முழு விடையாகப் படவில்லை. 2007இல் ஜப்பானில் செயாமா, நாகயாமா என்ற இருவர் பொம்மை முகத்தைப் படிப்படியாக மனித முகமாக மாற்றி, பார்ப்பவர்களிடம் கருத்துக் கேட்டார்கள். வெறுமனே மாற்றியதில் பெரிய அருவருப்பு எதுவும் எழவில்லை. கண்ணை அளவுக்கு மீறிப் பெரிதாக்கியபோது எழுந்தது, அதுவும் முகம் மனித முகமாக ஆக ஆகக் கூடியது. ஒன்றோடொன்று சேராததுதான் உறுத்துகிறது போலும்.

மிக்குவிடம் அந்தச் சிக்கல் இல்லை. 2007இல் சப்போரோவில் ஒரு நிறுவனம் வெளியிட்ட பாட்டு மென்பொருளின் முகம்தான் அவள். வயது 16, உயரம் 158 செ.மீ., நீண்டு தொங்கும் பச்சைநீல இரட்டைக் குடுமி. பெரும்பாலான பாட்டு ரசிகர்களே போட்டது. ஒப்பிட்டுப் பார்க்க அசல் ஒருத்தி கிடையாது. கோச்சடையானுக்கு (2014) வாய்க்காத வசதி அது. ரஜினி தலையை எப்படித் திருப்புவார் என்று இங்கே குழந்தைக்கும் தெரியும், கணினி என்ன பாடுபட்டும் பயனில்லை.

உங்கள் மாமா "என் அருமை மகளே" என்றா கூப்பிட்டிருப்பார்? கோபிக்காரர், "கண்ணு" என்றுதான் கூப்பிட்டிருப்பார். முகம் மாமாவுடையது, வாய் செய்தி வாசிப்பவருடையது.

எங்கள் பாட்டி உயிரோடு இருந்தவரை யாரும் அவரைப் போட்டோ எடுக்கவில்லை. இறந்த அன்று நாற்காலியில் சாய்த்துவைத்து எடுத்த ஒன்றுதான் உண்டு. ஸ்டுடியோக்காரர் மூடிய இமைமேல் தூரிகையால் கண் எழுதிக் கொடுத்தார். இரண்டு கருவிழியும் இமையைத் தொடாமல், முழு வட்டமாக, நட்டநடுவில் நிற்கும். சிறுவயதில் அந்த அறையைத் தாண்டுவதென்றால் எனக்கு ஒரே ஓட்டம். தாத்தாவோ தினமும் காலையில் அதன்முன் நின்று, இன்றைக்கு எந்த வயலுக்குத் தண்ணீர் முறை, யார் களையெடுக்க வருகிறார்கள் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார். எனக்குத் தெரிகிற அந்தக் கண் அவருக்குத் தெரியவில்லையோ என்று வெகுநாள் நினைத்திருந்தேன். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"கண்ணு அவளோடது இல்லடா. மூக்குத்தி அவளோடது" என்றார்.

அத்தையிடம் ஒன்றும் சொல்லாதீர்கள். அவர் அதில் எதைப் பார்க்கிறார் என்று நமக்குத் தெரியாது. சொந்தக்காரர்கள் வீட்டில் பழைய கல்யாண கேசட் ஏதாவது பரணில் கிடந்தால் தேடியெடுத்து, பென்டிரைவில் ஏற்றிக் கொடுங்கள். எப்படியும் ஒரு பந்தியில் மாமா ஓரமாக உட்கார்ந்து ரசம் கேட்டுக்கொண்டிருப்பார்.