மசக்கை வாந்தியைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டியதில்லை

கேள்வி: எனக்கு 26 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். இது முதல் கர்ப்பம். எட்டு வாரம் ஆகிறது. காலையில் கண் விழித்ததும் தொடங்கும் குமட்டல் இரவு படுக்கும் வரை விடுவதில்லை. நாளுக்கு நான்கைந்து முறை வாந்தி எடுக்கிறேன். குக்கரில் சோறு வேகும் ஆவி பட்டாலே ஓங்கரிக்கிறது. 52 கிலோ இருந்தேன், இப்போது 50. தண்ணீர் ஓரளவு தங்குகிறது. டாக்டர் டாக்சிலமினும் பைரிடாக்சினும் சேர்ந்த மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஆனால், "மசக்கை என்றால் அப்படித்தான் இருக்கும், மாத்திரை போட்டால் குழந்தைக்கு ஆகாது" என்று மாமியார் சொல்வதால் வாங்கிய அட்டை பிரிக்காமலே இருக்கிறது. நான் சாப்பிடாததால் குழந்தை பட்டினி கிடக்குமோ என்று பயமாக இருக்கிறது. மாத்திரைக்குப் பதிலாக வாரம் ஒருமுறை குளுக்கோஸ் ஏற்றிக்கொள்ளலாமா?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: அந்த அட்டையை இன்று இரவே பிரியுங்கள் என்பதுதான் என் முதல் பதில். உங்கள் மருத்துவர் எழுதிக் கொடுத்திருப்பது கர்ப்ப கால வாந்திக்கென்று மிக நீண்ட காலமாகப் பயன்பட்டுவரும், மிக அதிகமாக ஆராயப்பட்ட மருந்து. அதை ஒதுக்கிவைத்துவிட்டு நாளுக்கு ஐந்து முறை வாந்தி எடுப்பதால் குழந்தைக்கு எந்த நன்மையும் இல்லை. உங்களுக்கோ தீமை உண்டு.

குழந்தை பட்டினி கிடக்குமா என்ற பயம் உங்களைத் தூங்க விடாது என்பதால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். எட்டாவது வாரத்தில் உங்கள் கரு ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர் நீளம்தான் இருக்கும், ஒரு மொச்சைக் கொட்டையைப் போல. அதன் தேவை மிகவும் சிறிது. முதல் மூன்று மாதங்களில் கருப்பைச் சுவரின் சுரப்புகளும் கருவை ஒட்டியுள்ள மஞ்சள்கரு போன்ற சிறு பையும் சேர்ந்து அதற்கு ஊட்டம் தருகின்றன. உங்கள் உடலின் சேமிப்பே இப்போதைக்குப் போதும். ஆகவே இரண்டு வாரம் ரசம் சோறும் ரஸ்க்கும் மட்டுமே இறங்கின என்பதால் குழந்தையின் வளர்ச்சி நின்றுவிடாது. குமட்டலும் வாந்தியும் உள்ள கர்ப்பங்களில் கருச்சிதைவு சற்றுக் குறைவாகவே காணப்படுகிறது என்பதும் உண்மை. (இதைப் படிக்கும் வேறொரு வாசகிக்கு வாந்தியே இல்லை என்றால், அவர் கலங்க வேண்டாம். வாந்தியே வராமல் நல்லபடியாகப் பிள்ளை பெற்றவர்கள் ஏராளம்.)

ஆங்கிலத்தில் இதற்குக் காலை நேர நோய் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம்முடைய மசக்கை என்ற சொல்லில் காலையும் இல்லை, மாலையும் இல்லை. அதுவே உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கர்ப்பிணிகளில் பத்துப் பேரில் ஏழெட்டுப் பேருக்குக் குமட்டலாவது வாந்தியாவது வரும். ஐந்தாறு வாரத்தில் தொடங்கி, ஒன்பதாவது வாரத்தையொட்டி உச்சத்துக்குப் போய், பெரும்பாலானோருக்கு 12 முதல் 16 வாரத்துக்குள் தணியும்; சிலருக்கு 20 வாரம் வரை இழுக்கும். நீங்கள் இப்போது உச்சத்தை நெருங்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்பதாலும், அடுத்த இரண்டு வாரம் இதைவிடக் கடினமாக இருக்கக்கூடும் என்பதாலும்தான் மருந்தை இப்போதே தொடங்கச் சொல்கிறேன்.

இது ஏன் வருகிறது என்பதற்கு நெடுங்காலம் தெளிவான விடை இருக்கவில்லை. பித்தம் கூடிவிட்டது என்றார்கள்; மனம் சரியில்லை, பிள்ளை மேல் ஆசை இல்லை என்றுகூடப் பெண்களைக் குற்றம் சொன்ன மருத்துவர்கள் இருந்தார்கள். அந்தப் பேச்சுக்கு இனி இடமில்லை. 2023 டிசம்பரில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பிற நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, கருவும் நஞ்சுக்கொடியும் சுரந்து தாயின் ரத்தத்தில் கலக்கும் ஜி.டி.எஃப். 15 என்ற ஹார்மோன்தான் மூளையின் அடிப்பகுதியில் உள்ள குமட்டல் மையத்தைத் தூண்டுகிறது என்று காட்டியது. கர்ப்பத்துக்கு முன் இந்த ஹார்மோன் உடலில் குறைவாக இருந்த பெண்களுக்கு, திடீரென்று அது கூடும்போது வாந்தி கடுமையாகிறது. தலசீமியா போன்ற காரணங்களால் முன்பிருந்தே அது அதிகமாக உள்ளவர்களுக்கு மசக்கை லேசாகவே இருக்கிறது. இதில் உங்கள் மனத்திடத்துக்கோ பொறுமைக்கோ எந்தத் தொடர்பும் இல்லை என்பதை வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லுங்கள்.

உங்கள் மாமியாரின் அச்சத்தை நான் குறைவாக மதிக்கவில்லை. கர்ப்பிணிகளுக்கு மாத்திரை ஆகாது என்ற பயத்துக்குப் பின்னால் ஒரு பெருந்துயரம் இருக்கிறது. 1957-இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு என்ற மருந்து, தூக்கத்துக்கும் கர்ப்ப கால வாந்திக்கும் தரப்பட்டு, 1961-இல் திரும்பப் பெறப்படுவதற்குள் உலகெங்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் வளர்ச்சி குன்றிப் பிறக்கக் காரணமானது. அதன் பிறகு எந்த வாந்தி மருந்தையும் உலகம் சந்தேகத்தோடுதான் பார்த்தது. உங்களுக்கு எழுதப்பட்டுள்ள டாக்சிலமின், பைரிடாக்சின் கூட்டு மருந்தும் அந்தச் சந்தேகத்துக்கு ஆளானது. அமெரிக்காவில் 1956 முதல் விற்கப்பட்டுவந்த அதை, அடுக்கடுக்கான வழக்குகளைத் தாங்க முடியாமல் 1983-இல் அதன் தயாரிப்பாளரே நிறுத்திவிட்டார். பிறகு நடந்ததைத்தான் உங்கள் மாமியாருக்கு நீங்கள் சொல்ல வேண்டும்: மருந்து நின்றுபோன பின்னும் குறைபாடுகளோடு பிறக்கும் குழந்தைகளின் விகிதம் குறையவில்லை; வாந்திக்காக மருத்துவமனையில் சேர்க்கப்படும் கர்ப்பிணிகள்தான் கூடினார்கள். மருந்து குற்றமற்றது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 2013-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதே கூட்டு மருந்துக்கு மீண்டும் ஒப்புதல் அளித்தது. இதில் பைரிடாக்சின் என்பது வைட்டமின் பி6. டாக்சிலமின் ஒவ்வாமைக்குத் தரும் மருந்துகளின் இனத்தைச் சேர்ந்தது.

மாத்திரையைச் சாப்பிடும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். வாந்தி வந்த பிறகு போடும் மருந்து அல்ல இது. வாந்தி வராமல் தடுப்பதற்காகத் தினமும் போடுவது. வயிற்றில் மெதுவாகக் கரைந்து மறுநாள் காலையில் வேலை செய்யும்படி செய்யப்பட்டிருப்பதால், இரவு படுக்கும் முன் போட வேண்டும். கடிக்கவோ பொடிக்கவோ கூடாது. எத்தனை மாத்திரை என்பதை உங்கள் மருத்துவரே சொல்லியிருப்பார். இரண்டு மூன்று நாளில் போதிய பலன் இல்லையென்றால் காலையிலும் பிற்பகலிலும் அவர் கூட்டித் தருவார், நீங்களாகக் கூட்ட வேண்டாம். தூக்கக் கலக்கம் வரும் என்பதால், பகல் வேளை மாத்திரை தொடங்கினால் ஸ்கூட்டர் ஓட்டி வேலைக்குப் போகாதீர்கள். மருந்துக் கடையில் பொதுவாக வாந்தி மாத்திரை என்று கேட்டால் பல சமயம் ஆண்டன்செட்ரான் கையில் கிடைக்கும். அதுவும் கர்ப்பிணிகளுக்குத் தரப்படுவதுதான். ஆனால் முதல் மூன்று மாதங்களில் அதை எடுத்தால் பத்தாயிரம் பிறப்புகளில் ஏறத்தாழ மூன்று குழந்தைகளுக்குக் கூடுதலாக உதடு அல்லது அண்ணப் பிளவு வரலாம் என்று கண்டிருப்பதால், முதல் மருந்து பலிக்காதபோது மருத்துவர் எடைபோட்டுத் தர வேண்டியது அது. கடைக்காரர் தருவதை வாங்கி விழுங்க வேண்டாம்.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். வெறும் வயிறுதான் குமட்டலை முதலில் தூண்டிவிடுவது. தலையணைக்குப் பக்கத்தில் ஒரு டப்பாவில் பொரியோ பொட்டுக்கடலையோ ரஸ்க்கோ வைத்துக்கொண்டு, கண் விழித்ததும் எழாமலே இரண்டு வாய் மென்று, கால் மணி நேரம் கழித்து மெல்ல எழுந்து உட்காருங்கள். பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, பசிக்கும் முன்பே, கைப்பிடி அளவு ஏதாவது உள்ளே போக வேண்டும். மூன்று வேளை முழுச் சாப்பாடு என்ற எண்ணத்தை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். சூடான உணவிலிருந்து வாடை அதிகமாகக் கிளம்பும். ஆறிய இட்லி, தயிர்சாதம், நீர்மோர், குளிர்ந்த மாதுளை முத்துகள் போன்றவை பலருக்குத் தங்கும். நார்த்தங்காயைத் தொட்டுக்கொண்டால்தான் சோறு இறங்குகிறது என்றால், கொஞ்சம் தொட்டுக்கொள்ளுங்கள். தண்ணீரைச் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காமல், அரை மணி நேரம் தள்ளி, மடக்கு மடக்காகக் குடியுங்கள். வாந்தி அதிகமான நாளில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை ஒரு லிட்டர் நீரில் முழுவதுமாகக் கரைத்து வைத்துக்கொண்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு மடக்கு என்று நாள் முழுவதும் பருகுங்கள்.

இஞ்சி பயனுள்ளது. பேருந்து நிலையங்களில் விற்கும் இஞ்சி மொரப்பா ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொண்டு வேலைக்குப் போகிற கர்ப்பிணிகளை நானே பார்த்திருக்கிறேன், அதில் தவறில்லை. நாளுக்கு ஒரு கிராம் சுக்கு அல்லது அதற்கு ஈடான இஞ்சி என்ற அளவைத் தாண்ட வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் கேட்டுவிட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

குக்கர் ஆவிக்கு மருந்து கிடையாது. அந்த வாடையிலிருந்து நீங்கள் விலகியிருப்பதுதான் வழி. அடுத்த ஒரு மாதம் சோறு வடிப்பதையும் தாளிப்பதையும் உங்கள் கணவர் ஏற்றுக்கொள்ளட்டும். இதை நான் மருத்துவ ஆலோசனையாகவே எழுதுகிறேன். மருந்துச் சீட்டில் எழுத இடம் இருந்தால் அதிலும் எழுதுவேன். வாந்தி எடுத்தவுடன் பல் துலக்காதீர்கள். அமிலம் பட்டு இளகியிருக்கும் பல்லின் மேற்பூச்சு தேய்ந்துவிடும். ஒரு டம்ளர் நீரில் சிட்டிகை சமையல் சோடா கலந்து கொப்பளித்துவிட்டு அரை மணி நேரம் கழித்துத் துலக்குங்கள். சாம்பல், மண், சாக்பீஸ், பச்சரிசி தின்னத் தோன்றினால் அடக்கிக்கொண்டு சும்மா இருந்துவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். இரும்புச்சத்துக் குறைவின் அறிகுறியாக அது இருக்கலாம்.

இனி குளுக்கோஸ். நம் ஊரில் சோர்வாக இருந்தால் ஒரு பாட்டில் ஏற்றிக்கொள்வது பழக்கமாகிவிட்டது. உங்களுக்கு இப்போது அது தேவையில்லை. குடிக்கும் தண்ணீர் வயிற்றில் தங்குகிறது. உண்மையாகவே தேவைப்படும் நிலையிலும், வாரக்கணக்கில் வாந்தி எடுத்த பெண்ணுக்கு வெறும் குளுக்கோஸை ஏற்றுவது ஆபத்து. நெடுநாள் சாப்பிடாதவர் உடலில் தையமின் எனப்படும் வைட்டமின் பி1 தீர்ந்துபோயிருக்கும். அந்த நிலையில் குளுக்கோஸ் உள்ளே போனால், அதை எரிக்க மிச்சமிருக்கும் தையமினும் செலவாகி, கண்கள் நிலைகொள்ளாமல், நடை தள்ளாடி, மனம் குழம்பும் மூளைப் பாதிப்பு வரலாம். ஆகவே முதலில் தையமின், பிறகு பொட்டாசியம் சேர்த்த உப்பு நீர் என்ற வரிசையில், ரத்தப் பரிசோதனை பார்த்து, மருத்துவமனையில் ஏற்ற வேண்டியது அது.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு பெண்ணை இன்றும் மறக்க முடியவில்லை. பத்து வாரக் கர்ப்பம். மூன்று வாரமாக வாந்தி. வீட்டில் எல்லோரும் "பொறுத்துக்கோ" என்று சொல்ல, அவரும் பொறுத்திருக்கிறார். வெளி நோயாளிகள் வரிசையில் கையில் ஒரு பிளாஸ்டிக் பையை வாய்க்கு நேரே பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். உதடு வெடித்து, நாக்கு காய்ந்து, புறங்கைத் தோலைக் கிள்ளினால் கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது. அரிதாகக் கிடைத்த சிறுநீரில் பரிசோதனைப் பட்டையை நனைத்ததும், உணவில்லாமல் உடல் தன் கொழுப்பையே எரிப்பதைக் காட்டும் அசிட்டோன் கட்டம் கரும் ஊதாவாக மாறியது. எடை ஏழு கிலோ குறைந்திருந்தது. ஐந்து நாள் உள்நோயாளியாக இருந்து தேறினார்; குழந்தையும் நலமாகப் பிறந்தது. ஆனால், அந்த மூன்று வாரத்தை அவர் பட்டிருக்க வேண்டியதே இல்லை.

அந்த எல்லைக்கு நீங்கள் போகாதிருக்க ஓர் எண்ணை நினைவில் வையுங்கள்: 49.4 கிலோ. கர்ப்பத்துக்கு முந்தைய எடையில் 5 சதவீதம் குறைந்தால் அது சாதாரண மசக்கையைத் தாண்டிய கடும் வாந்தி நிலை. நூறு கர்ப்பிணிகளில் மூன்று பேர் வரை இதற்கு ஆளாகலாம். உங்கள் கணக்கில் அந்தக் கோடு 49.4. ஒரே எடைக்கருவியில், வாரம் இருமுறை, காலையில் பாருங்கள். எடையைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கவும் வேண்டாம். ஒரு நாள் முழுதும் தண்ணீர்கூடத் தங்கவில்லை, எட்டு மணி நேரம் சிறுநீர் போகவில்லை அல்லது கட்டங்காப்பி போலப் போகிறது, எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது, வாந்தியில் ரத்தம் தெரிகிறது, அடிவயிறு வலிக்கிறது, காய்ச்சல் அடிக்கிறது, சிறுநீர் எரிகிறது, கண் மஞ்சளிக்கிறது, ரத்தப்போக்கு இருக்கிறது என்றால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். இரவானாலும் 108-ஐ அழைக்கத் தயங்க வேண்டாம். சிறுநீர்த் தொற்று, மஞ்சள் காமாலை, தைராய்டு கோளாறு போன்றவையும் மசக்கை என்ற பெயரில் ஒளிந்திருக்கக்கூடும். இதுவரை ஸ்கேன் எடுக்கவில்லை என்றால் எடுத்துவிடுங்கள். இரட்டைக் கரு, முத்துப்பிள்ளை கர்ப்பம் (கரு சரியாக உருவாகாமல் நஞ்சுக்கொடித் திசு முத்து முத்தாக வளரும் நிலை) ஆகிய இரண்டிலும் வாந்தி மிகும்.

ஃபோலிக் அமில மாத்திரையை எக்காரணம் கொண்டும் நிறுத்த வேண்டாம்; காலையில் தங்கவில்லை என்றால் இரவில் போடுங்கள். இரும்புச்சத்து மாத்திரை குமட்டலைக் கூட்டும். அரசுத் திட்டத்திலும் அது நான்காம் மாதத்திலிருந்துதான் தரப்படுகிறது என்பதால், யாராவது முன்னதாகத் தொடங்கச் சொல்லியிருந்தால் தள்ளிப்போடலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். அடுத்த முறை அவரைப் பார்க்கப் போகும்போது மாமியாரையும் உடன் அழைத்துச் சென்று, அவருடைய கேள்வியை அவரே மருத்துவரிடம் கேட்கட்டும்.