அச்சு முறுக்கு ஒட்டாமலிருக்க

கேள்வி: கிறிஸ்துமஸுக்காகப் புதிதாக வாங்கிய அச்சில் அச்சு முறுக்கு சுட்டால், மாவு கழலாமல் ஒட்டிக்கொள்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: புதிய அச்சை இரவு முழுவதும் கஞ்சித் தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் ஈரம் போகத் துடைத்து, காயும் எண்ணெயில் சிறிது நேரம் மூழ்க வைத்துப் பழக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அச்சைச் சூடாக்கி, எண்ணெயை வடியவிட்டு, மாவில் முக்கால் பாகம் மட்டுமே முக்குங்கள். மேல்விளிம்பையும் மாவு மூடிவிட்டால் முறுக்கு கழலவே கழலாது, பலருக்கும் சிக்கல் வருவது இங்கேதான். மாவு அச்சில் பிடிக்காமல் வழிந்தால் சூடு அதிகமென்று அறிந்து, சற்று ஆறவிடுங்கள். சர்க்கரை கூடினாலும் ஒட்டும், சீக்கிரம் கருகும். முறுக்குகளை நன்றாக ஆறிய பிறகே டப்பாவில் அடையுங்கள். இளஞ்சூட்டோடு மூடினால் திருநாளுக்கு முன்பே நமத்துவிடும்.