தவளைப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்

கேள்வி: விசுவமடுவில் எங்கள் சனசமூக நிலைய வாசிகசாலைக்குச் சிறுவர் விஞ்ஞான நூல்கள் வாங்க, வெளிநாட்டிலுள்ள ஊரவர்கள் காசு அனுப்பியிருக்கிறார்கள். ஏறத்தாழ 30 நூல்கள் வாங்கலாம். தரம் 3 முதல் தரம் 8 வரையான பிள்ளைகள் வருகிறார்கள். போன தடவை வாங்கிய வண்ண நூல்களைப் படம் பார்த்துவிட்டு மூடிவைத்துவிட்டார்கள். இந்த முறை எதைப் பார்த்துத் தெரிவு செய்வது?

பதில்: அட்டையை விடுங்கள். உங்களுக்கே நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பற்றிய பக்கத்தைத் திறவுங்கள். தவளை நல்ல சோதனை. மாரியில் தவளையைக் காணாத பிள்ளை வன்னியில் இல்லை. முட்டைத் திரள், வாற்பேய், பின்கால், முன்கால், சுருங்கும் வால் என்ற ஒழுங்கில் படங்கள் வரவேண்டும். பின்கால்தான் முதலில் வெளித்தெரியும். முன்காலை முதலில் போட்டிருந்தால் வரைந்தவரும் தவளையைப் பார்க்கவில்லை, திருத்தியவரும் பார்க்கவில்லை. தெரிந்த பக்கத்தில் பிழைவிட்ட நூலை, நாம் சரிபார்க்க முடியாத கருந்துளைப் பக்கத்தில் எப்படி நம்புவது?

அதே பக்கத்தில் சொல்லையும் கவனியுங்கள். பிள்ளைகள் படத்தோடு நின்றுவிடுவதற்குப் பெரும்பாலும் சொல்தான் காரணம். தமிழ்நாட்டு நூலில் வாற்பேய் ‘தலைப்பிரட்டை’ ஆகியிருக்கும். கலம் ‘செல்’ என்றும், ஒட்சிசன் ‘ஆக்சிஜன்’ என்றும், ஒளித்தொகுப்பு ‘ஒளிச்சேர்க்கை’ என்றும், முலையூட்டி ‘பாலூட்டி’ என்றும், நுளம்பு ‘கொசு’ என்றும் இருக்கும். பிள்ளை பாடநூலில் படித்த அதே விடயந்தான், ஆனால் புதிதாகத் தெரிகிறது. இதற்காக அந்த நூல்களை ஒதுக்கவேண்டாம். அச்சும் படமும் நல்ல பல நூல்கள் அங்கிருந்துதான் வருகின்றன. ஒவ்வொரு நூலிலும் மாறிவரும் பத்துப் பன்னிரண்டு சொற்களை ஒரு துண்டில் எழுதி முன்னட்டையின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். உள்ளே அச்சிட்ட சொல்லை வெட்டித் திருத்தாதீர்கள்; இரண்டு சொல்லும் தெரிந்திருப்பது நல்லது.

வயதுக்குப் பொருந்துமா என்று அறிய, தரம் 4 பிள்ளை ஒருவரை ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். தடுக்கும் இடமெல்லாம் ஒரு விரல் மடியுங்கள். ஐந்து விரலும் மடிந்தால் நூல் தரம் 6க்கு மேலே போகட்டும். அந்தப் பக்கமே விளக்கும் கலைச்சொல்லுக்கு விரல் மடிக்கவேண்டாம்.

படத்தில் முதலில் தேடவேண்டியது அளவு. தெள்ளும் யானையும் ஒரே பருமனில் இருந்தால், பக்கத்தில் ஒரு விரலோ, ஆளோ, ‘20 மடங்கு பெருப்பித்தது’ என்ற குறிப்போ இருக்கவேண்டும். அடுத்து, பெயர்க்கோடு சரியான உறுப்பில் போய் முட்டுகிறதா என்று பாருங்கள். யானைப் படம் என்றால் தும்பிக்கை நுனிக்குப் போங்கள். நம் காட்டு யானைக்கு அங்கே விரல் போன்ற முனை ஒன்று. ஆபிரிக்க யானைக்கு இரண்டு. இரண்டையும் கலந்து வரைவது சிறுவர் நூல்களில் பழைய வியாதி. மனித உடற்படத்தில் நாளங்களை நீலமாக வரைவது வழக்கம். அந்த நிறம் அடையாளத்துக்கு மட்டுந்தான் என்று ஒரு வரி இல்லாவிட்டால் நீல இரத்தம் ஓடுவதாகவே பிள்ளை நினைக்கும்.

வானியல் நூல்களில் இரண்டு நிமிடச் சோதனை போதும். கோள்கள் ஒன்பது என்றிருந்தால் அது 2006க்கு முந்திய உள்ளடக்கம். அந்த ஆண்டுதான் புளூட்டோ குறுங்கோள் ஆனது. மற்றது விண்மீன் வரைபடம். ஐரோப்பிய நூலில் துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கும் உச்சிக்கும் ஏறத்தாழ நடுவிலோ அதற்கு மேலோ நிற்கும். வன்னி ஏறத்தாழ வடக்கு 9 பாகையில் இருப்பதால் இங்கே அது வடக்கு அடிவானத்திலிருந்து, கை நீட்டிப் பிடித்த ஒரு முட்டியளவு உயரத்தில்தான் தெரியும், மரம் மறைக்காவிட்டால். பிறையும் அப்படித்தான்: படத்தில் நிமிர்ந்து நிற்கும், நமக்குப் பல மாதங்களில் தோணிபோலச் சாய்ந்து கிடக்கும். 10 பாகைக்கான வரைபடம் உள்ள நூலைத் தேடுங்கள்.

பருவகாலப் பக்கத்தில் பனியும் இலையுதிர்காலமும் இருப்பது பிழையல்ல, ஆனால் காலபோகமும் சிறுபோகமும் பார்த்து வளரும் பிள்ளைக்கு அது வேறு ஊர்க் கதை. நீர் வட்டத்தில் பனிமலை மட்டும் இருந்தால், கனகராயன் ஆறு, இரணைமடுக் குளம், வாய்க்கால், வயல், கிணறு என்று இன்னொரு படத்தைப் பிள்ளைகளே வரைந்து அந்தப் பக்கத்தில் செருகட்டும்.

இரண்டு பக்கங்களில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பாம்புக்கடி பற்றிய பக்கத்தில் கடிவாயைக் கீறு, உறிஞ்சு, இறுக்கிக் கட்டு என்றிருந்தால் நூலை வாங்கவேண்டாம். கடிபட்ட காலையோ கையையோ அசையாமல் வைத்து உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோவதே சரி. மற்றது காந்தச் செயற்பாடு. ‘வெளியே போய் இரும்புத் துண்டுகளைத் தேடிப் பொறுக்கு’ என்று பல நூல்கள் சொல்லும். வெடிபொருள் முற்றாக அகற்றப்படாத மண் இது. ஆணி, கரண்டி, போத்தல் மூடி எல்லாம் வீட்டுக்குள்ளேயே கிடைக்கும். அந்த வரியின்மேல் வேறு தாளை ஒட்டிவிட்டுத்தான் நூலை இறாக்கையில் வையுங்கள்.

முப்பதில் பத்துப் பன்னிரண்டு விலங்கு, தாவரம். ஆறு உடலும் நலமும். ஐந்து வானம், காலநிலை. நான்கு பொறிகளும் மின்னும். மிச்சம் செயல்முறை நூல்களும் ஒரு தேசப்படமும் என்று பிரிக்கலாம். பாதியிலாவது கடைசியில் சொல்லடைவு இருக்கட்டும். பரீட்சை வினாவிடைத் தொகுப்புகளை இந்தக் காசில் வாங்கவேண்டாம். அவற்றைப் பெற்றோர் எப்படியும் வாங்குவார்கள்.

கட்டு விடயத்தில் கடைக்காரரின் முன்னாலேயே நூலை நடுவில் விரித்து மேசையில் வையுங்கள். நூல்கொண்டு தைத்தது விரிந்து கிடக்கும். பசை மட்டும் பூசியது நொறுங்கும் சத்தத்தோடு மூடும், ஒரு வருடத்தில் தாள் கழரும். இரண்டு பக்கத்துக்கும் பரந்த படம் பசைக் கட்டில் மடிப்புக்குள் போய்விடும்; அப்படியொரு உடற்படத்தில் காணாமற்போவது பெரும்பாலும் நெஞ்சறை. பளபளப்புத் தாள் மாரி ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் படம் உரியும். மங்கல் பூச்சுத் தாளைத் தெரிவு செய்யுங்கள். இறாக்கையைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி வைத்தால் கறையான் ஏறுவது கண்ணில் படும்.

காசோடு ஆங்கில நூல் பெட்டியும் அனுப்புகிறோம் என்று ஊரவர் சொன்னால், வெட்டுமுகப் படங்களும் பெரிய ஒளிப்படங்களும் உள்ளவற்றை மட்டும் கேளுங்கள். அவற்றுக்குத் தமிழ்ப் பெயர்த்துண்டு ஒட்டலாம். பக்கம் முழுக்க எழுத்தாக உள்ளவை கப்பற் கூலிக்கும் பெறுமதியில்லை.