வாரன்டி இருந்தும் போனை மாற்றித் தர மறுக்கிறார்களே?

கேள்வி: நான்கு மாதங்களுக்கு முன் வாங்கிய ஸ்மார்ட்போன், பேசிக்கொண்டிருக்கும்போதே அணைந்து மறுபடி ஆன் ஆகிறது. மூன்று முறை சர்வீஸ் சென்டரில் கொடுத்தும், 'சாஃப்ட்வேர் போட்டாச்சு' என்று திருப்பித் தருகிறார்கள். மாற்றுப் போன் கேட்டால் கடைக்காரர் கம்பெனியைக் கைகாட்டுகிறார். கம்பெனியோ ரிப்பேர் மட்டும்தான் என்கிறது. என்ன செய்வது?
- வாசகர், தென்காசி

பதில்: ரிப்பேரா, மாற்றுப் போனா என்பதைக் கம்பெனியே முடிவு செய்யும் என்றுதான் பெரும்பாலான வாரன்டி அட்டைகளில் இருக்கும். அதனால், ஒரே பழுது திரும்பத் திரும்ப வருகிறது, ரிப்பேரால் தீரவில்லை என்று நீங்கள் காட்ட வேண்டும். அதற்கு ஆதாரம், போனைக் கொடுக்கும்போது சர்வீஸ் சென்டர் எழுதித் தரும் ஜாப் ஷீட்.

மூன்று ஜாப் ஷீட்களையும் எடுத்துப் பாருங்கள். புகார் என்ற இடத்தில் 'சாஃப்ட்வேர் அப்டேட்' என்று மட்டும் இருந்தால், போனில் பழுதே இல்லாதது போல் ஆகிவிடும். 'பேசும்போது தானாக ரீஸ்டார்ட் ஆகிறது' என்று எழுதச் சொல்லி, எழுதிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். திருப்பி வாங்கும்போது என்ன செய்தார்கள், எந்த பாகத்தை மாற்றினார்கள் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். மதர்போர்டு மாறினால், போனின் தனி அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணும் மாறக்கூடும். *#06# அழுத்தி பில்லோடு ஒப்பிடுங்கள். வேறாக இருந்தால் அதற்கொரு கடிதம் வாங்காமல் வராதீர்கள்.

இந்த மாதிரிப் பழுது கவுன்டரில் வைத்துப் பார்க்கும் நேரத்தில் வராது. உடனே 'குறை இல்லை' என்று எழுதிவிடுவார்கள். டேட்டாவை பேக்கப் எடுத்து, ஃபேக்டரி ரீசெட் செய்து, வேறு ஆப் எதுவும் போடாமல் பேசிப் பாருங்கள். அப்போதும் அணைந்தால் இன்னொரு போனில் வீடியோ எடுங்கள். ஆப்தான் காரணம் என்ற பேச்சு அதோடு நின்றுவிடும்.

இன்னொன்று, 'தண்ணீர் பட்டிருக்கிறது' என்ற மறுப்பு. பல மாடல்களில் சிம் ட்ரே துளைக்குள் ஒரு சின்ன வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும். ஈரம் பட்டால் சிவக்கும். போனைக் கொடுக்கும் முன்பே அதையும் நான்கு விளிம்புகளையும் படம் பிடித்துவிடுங்கள்.

பிறகு ஜாப் ஷீட், பில், வீடியோவோடு கம்பெனிக்கும் கடைக்கும் மின்னஞ்சல் அனுப்பி, 15 நாள் அவகாசம் கொடுங்கள். பதில் இல்லையென்றால் 1915. அது தேசிய நுகர்வோர் உதவி எண். பேசித் தீர்க்க முயலும், உத்தரவு போட அதற்கு அதிகாரம் இல்லை. உத்தரவு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. 2 ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். கடை, கம்பெனி இரண்டையும் எதிர்த்தரப்பாகச் சேர்த்துவிடுங்கள். ஒருவர் மற்றவரைக் கைகாட்டித் தப்ப முடியாது. மாற்றுப் போன், இல்லையேல் முழுப் பணம், கூடவே அலைச்சலுக்கான இழப்பீடு என்று மூன்றையும் மனுவில் கேளுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய போனுக்கும் இதே வழிதானா?
- வாசகி, ஓசூர்

பதில்: இதேதான். கூடுதலாக, அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கும் எழுதுங்கள். 2020-ம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்தில் அவர் உறுதிசெய்ய வேண்டும்; ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பில்லை இப்போதே பதிவிறக்கி வையுங்கள். விற்பவர் பெயர் அதில்தான் இருக்கும்.