மாசியில் உப்பு ஏன் இல்லை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மாசி செய்யும் லட்சத்தீவின் மினிக்காய் தீவு பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். எங்கள் வீட்டில் சம்பலுக்கு மாசிக்கருவாடுதான். மற்றக் கருவாடு போல அதில் உப்புக் கரிப்பதில்லையே, பிறகு எப்படி மாதக்கணக்கில் தாங்குகிறது? போன முறை வாங்கிய துண்டுக்குள் பூசணம் இருந்தது. ஏன்?

ஒரு வாசகர், தூத்துக்குடி

அன்புள்ள நண்பருக்கு,

கருவாடு என்று நாம் அழைத்தாலும் மாசி வேகவைத்த சூரை மீன். அதைக் காப்பது உப்பு அல்ல. வேக்காடு, புகை, வெயில். மினிக்காயின் மஹல் மொழியில் மஸ் என்றால் மீன். மாலத்தீவின் திவேஹியும் அதே மொழிதான்.

வேலை பவளப்பாருக்கு உள்ளே தொடங்குகிறது. ரெஹி, ஹொந்தெலி போன்ற பொடிமீன்களை வலையில் பிடித்து, படகின் நடு அறையில் உயிரோடு வைப்பார்கள். அறையின் அடிப்பலகைத் துளைகள் வழியே கடல்நீர் வந்து போகும். பொடிமீன் செத்துவிட்டால் அன்றைக்குத் தொழில் இல்லை. சூரைக் கூட்டத்தைக் கண்டதும் பொடிமீனை அள்ளி வீசி, கூடவே தண்ணீரையும் இறைப்பார்கள். நீர்ப்பரப்பு சலசலப்பதைப் பார்த்து, இரை மேலே துள்ளுவதாக நம்பிச் சூரை பாயும். கழியில் கட்டிய தூண்டிலில் இரையும் இல்லை, எதிர்முள்ளும் இல்லை; இழுத்த வேகத்தில் மீன் படகுக்குள் விழுந்து தானே கழன்றுவிடும். ஒவ்வொன்றாகப் பிடிப்பதால் மீன் நசுங்குவதில்லை. வலைக்கு இந்தத் தொழில் எவ்வளவோ மேல்.

கரைக்கு வந்ததும் தலை, குடல் நீக்கி, முள்ளைவிட்டுச் சதையை நீளவாக்கில் நான்காகப் பிளந்து, உப்புநீரில் வேகவைப்பார்கள். தளதளவென்று கொதித்தால் சதை பிளந்துவிடும். பிறகு தென்னை மட்டை, விறகுப் புகை. அதன்பின் நாள்கணக்கில் வெயில். ஐந்து கிலோ மீனுக்குச் சுமார் ஒரு கிலோ மாசி தேறும். வெந்த நீரையும் கொட்டுவதில்லை. மணிக்கணக்கில் வற்றக் காய்ச்சினால் கரும்பழுப்பில் குழம்பாகும். அதுதான் ரிஹாகுரு. சோற்றில் பிசைந்து சாப்பிட அதற்கு ஈடில்லை.

உங்கள் துண்டு மேலே மட்டும் காய்ந்து இறுகியிருக்கிறது. உள்ளே ஈரம் அடைபட்டால் பூசணம் வரும். அதைத் துடைத்துவிட்டுச் சமைக்காதீர்கள், எறிந்துவிடுங்கள். வாங்கும்போது இரண்டு துண்டுகளைத் தட்டிப் பாருங்கள். நல்ல மாசி விறகுபோல டக்கென்று ஒலிக்கும். உடைத்த இடம் கருஞ்சிவப்பாக, வழவழவென்று மின்ன வேண்டும். தேனடைபோலச் சிறுதுளைகள் தெரிந்தால், வேகவைக்கும் முன்பே மீன் பழசாகிவிட்டது. வெயிலில் நேரம் கடந்த சூரையில் ஹிஸ்டமின் என்ற, ஒவ்வாமை போன்ற தொல்லை தரும் பொருள் சேரும்; அது வேக்காட்டில் போகாது. நாக்கு மிளகுபோலச் சுரீரென்றால் துப்பிவிடுங்கள். முகம் சிவந்து தலைவலி வந்தால் மருத்துவரிடம் போங்கள்.